நித்யாவுக்கு நின்றுபோகாத ஒரு மதர்போர்டு

பாபு, இதை நின்றுகொண்டு படிக்காதே. ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். இந்தப் புனேயில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு உன்னைக் கிளப்பி அனுப்பியது நான்தானே, பாதி வழியில் மட்டையோடு மைதானத்துக்கு ஓடியது நீதானே. அதனால்தான் எழுதுகிறேன். வாயால் சொன்னால் நான் முடிப்பதற்குள் உன் பதில் வந்துவிடுகிறது. போனில் பேசி அனுப்பினால் வேகத்தை ஏற்றிவிட்டுக் கேட்கிறாய். என் குரல் அணில் கத்துவதுபோல் இருக்கிறது என்று நீயே சிரித்துச் சொன்னாய். இந்த எழுத்து ஒன்றுதான் உன்னை நிதானமாக நடக்க வைக்கும். எனக்கு இருக்கிற அவசரம் கொஞ்சமல்ல. ஆனாலும் நீ ஒவ்வொரு எழுத்தாகவே வா.

நாளை சனிக்கிழமை நித்யாவின் கம்ப்யூட்டருக்குப் புது மதர்போர்டு வாங்கப் போவதாகச் சொன்னாய். போன ஞாயிறு தோசை சாப்பிடும்போது அதன் படத்தைப் போனில் காட்டினாய். ஓரமெல்லாம் கலர் விளக்கு, மேலே கறுப்புக் கவசம், கடைகளுக்கு இப்போதுதான் வந்திறங்கியதாம். "பழசவிட டபுள் ஸ்பீடும்மா" என்றாய். "நிக்காம ஓடுமா?" என்று கேட்டேன். நான் கேட்டது அவ்வளவுதான். "அரே அம்மா, அஞ்சாவது படிச்சிட்டு எனக்கு மதர்போர்டு பாடம் எடுக்காத" என்றாய். "அஞ்சாவதுல கிளாசுக்கே நான்தான்டா மொதல். நீ எஞ்சினியரிங்ல எத்தினி அரியர் வெச்சேன்னு ஒன் பொண்டாட்டிகிட்ட சொல்லட்டுமா?" என்று நானும் விட்டேன். சுதா சிரிப்பை அடக்க முடியாமல் சட்னிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். நீ தோசையைப் பாதியில் விட்டு எழுந்தாய். அன்றிலிருந்து நாம் பேசிக்கொள்ளவில்லை. கேட்ட கேள்வி மட்டும் அந்தத் தட்டிலேயே கிடக்கிறது. நிற்காமல் ஓடுமா?

மதர்போர்டு என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். டப்பாவைத் திறந்து வைத்து, என் கையில் டார்ச்சைக் கொடுத்து, "இந்தப் பெரிய பலகை மேலதான் எல்லாம் செருகி நிக்குது. இது சரியில்லன்னா மத்தது எவ்ளோ நல்லா இருந்தும் வேஸ்ட்டு" என்றாய். டார்ச் பிடித்த படிப்புதான் எனக்கு. அதற்குமேல் தெரிந்ததாக நான் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் நீ ஹிஞ்சேவாடி ஆபீசுக்கும் சுதா பேங்குக்கும் கிளம்பிய பிறகு, அந்த மெஷினுக்கும் உன் மகளுக்கும் பக்கத்தில் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பவள் நான். அது நிற்கும்போது அவள் முகம் என்ன ஆகிறது என்று நீ பார்த்ததில்லை. நீ அறைக்குள் வந்தால் அவள் முகத்தைச் சரிசெய்துகொள்கிறாள். அப்பா மனசு நோகும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிகிறது.

பிறக்கும்போது மூச்செடுக்கத் தாமதமான பிள்ளை. கையும் காலும் நாக்கும் அவள் சொன்னபடி கேட்பதில்லை. புத்திக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னார். நாம் தலையை ஆட்டினோம், முழுசாக நம்பினோமா என்று உன் மனசைக் கேட்டுப் பார். கண்ணை மேலே தூக்கினால் சரி, பக்கவாட்டில் ஓட்டினால் வேண்டாம். பத்து வயதுவரை அவளுடைய பேச்சு மொத்தமும் அவ்வளவுதான். அப்புறம் நீ அந்த மெஷினைக் கட்டினாய். லேப்டாப் திரை அவள் கண்ணுக்குச் சின்னதாக இருக்கிறது என்று பெரிய திரையாக வாங்கினாய். கண்ணைப் பார்க்கிற கேமராவை அதன் அடியில் பொருத்தக் கசார்வாடிப் பட்டறையில் இரும்புத் தாங்கி அடித்துக்கொண்டு வந்தாய். திரையில் உள்ள எழுத்தை அவள் உற்றுப் பார்த்தால் அது கீழே வந்து உட்காரும்; எழுத்தெல்லாம் சேர்ந்ததும் மெஷின் வாய்விட்டுச் சொல்லும். முதலில் அம்மா என்பாளா அப்பா என்பாளா என்று நீயும் சுதாவும் பந்தயம் கட்டினீர்கள். அவள் கண்ணை ஓட்டி ஓட்டி, நாம் மூச்சைப் பிடித்து நிற்க, கடைசியில் மெஷின் சொன்னது: "கேழ்வரகுக் கஞ்சி வேண்டாம்."

இத்தனை வருஷம் அவளுக்குப் பிடித்தது என்று நான் ஊட்டிய கஞ்சி. நீ தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அழுதாய். என் முகம் தொங்கிப்போயிற்று. அடுத்து அவள் கேட்டாள், "ஆயா, மூஞ்சி ஏன் அப்படி?"

அன்றைக்கு எனக்கு ஒரு பேத்தி பிறந்தாள் என்றே வைத்துக்கொள். அதுவரை நான் வளர்த்தது நானே மனசுக்குள் செய்து வைத்திருந்த ஒரு பிள்ளை. இவள் வேறு ஆள். வாய்க்கொழுப்பு உள்ளவள். என் சீரியலைப் பார்த்து "இந்த மாமியார் சாகவே மாட்டாளா" என்று கேட்பவள். உன்மேல் கோபம் வந்தால் "பாபு சார்" என்று கூப்பிடுபவள். மழைக்காலத்தில் கடக்வாஸ்லா அணைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? நீ சோளம் வாங்கப் போயிருந்தாய். ஒரு அம்மாள் வந்து அவள் கன்னத்தைத் தடவி, "பிச்சாரி", ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டி, மடியில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்துவிட்டுப் போனாள். நித்யாவின் கண் எல்லாப் பக்கமும் ஓடியது. மெஷின் வீட்டில். என்னால் அவள் கண்ணைத் துடைக்கத்தான் முடிந்தது. வீட்டுக்கு வந்து திரை முன்னால் உட்காரவைத்ததும் வழியெல்லாம் சேர்த்து வைத்ததை ஒரே மூச்சில் சொன்னாள்: "அந்த ஆன்ட்டிகிட்ட சொல்லணும். பத்து ரூபாய்க்குச் சோளம்கூட வராது." நீ காரை நிறுத்திவிட்டு மேலே வருவதற்குள் நாங்கள் இரண்டு பேரும் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. அந்தப் பிள்ளையைத்தான் நான் இப்போது இழந்துகொண்டிருக்கிறேன் பாபு. அடுத்த அறையில் இருக்கிறாள், சாப்பிடுகிறாள், மூச்சு விடுகிறாள். ஆனாலும் கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள். நான் எப்படி இதை உன் மண்டைக்குள் ஏற்றுவேன்?

முதல் பலகை நிதானமாக ஓடியது. குரல் வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். உனக்கு அது பொறுக்கவில்லை. அவள் பேசும்போது எதிரில் இருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், அதனால் வேகமாக வேண்டும் என்றாய். அந்த நினைப்பில் தப்பில்லை. பெற்றவன் நினைப்பு அப்படித்தான் இருக்கும். போன வருஷம் இரண்டாவதை வாங்கினாய். அதுவும் கடைக்கு வந்த சூட்டோடு வாங்கியதுதான். போதாததற்கு மெமரியை அது ஓட வேண்டிய வேகத்துக்கு மேலே முடுக்கிவிட்டாய். படபடவென்று பேசியது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆபீஸ் நண்பர்களுக்கெல்லாம் வீடியோ அனுப்பினாய். வெயில்காலம் வந்தது. மத்தியானத்தில் திரை அப்படியே உறைந்துபோகும். அவள் "ஆயா எனக்கு" என்று சொல்லியிருப்பாள், அதற்கு மேல் ஒன்றும் வராது. சில நாள் கேமரா மட்டும் அணைந்துவிடும், அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள், எந்த எழுத்தும் நகராது. நீ சாயங்காலம் வந்து திறந்து, கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற இடத்தில் விரலை வைத்து, "ஸ்ஸ்" என்று இழுத்துக்கொண்டாய். அதன் தலையில் சூடு வாங்கிக்கொள்ள ஒரு இரும்புத் துண்டுகூட இல்லை, மொட்டையாக நின்றது. "பயாஸ் அப்டேட் வரும்மா, உள்ள இருக்கிற செட்டிங்கத் திருத்தி அனுப்புவான், சரியாயிடும்" என்றாய். வந்தது. ஒன்று சரியானால் இன்னொன்று கெட்டது. நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "பழையதையே மாட்டுடா" என்று அப்போது ஒரு தடவை சொன்னேன். அதை விற்றுவிட்டதாகச் சொன்னாய்.

அப்புறம் ஆயுத பூஜை. அதை நாம் இரண்டு பேருமே வாய்விட்டுப் பேசவில்லை. இப்போது எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் உன் மகள் திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்வது அதில்தான் தொடங்கியது. உன் அப்பா இருந்தவரை அந்த நாளில் நம் வீட்டில் ஒரு ஆணிகூட அடித்ததில்லை. கட்கியில் அவர் வேலை பார்த்த பேக்டரி முழுக்க மெஷினை நிறுத்தித் துடைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைப்பார்கள். நாமெல்லாம் நல்ல துணி உடுத்திக்கொண்டு போய் அவருடைய லேத்தைக் கும்பிடுவோம். வேலை செய்கிற பொருளுக்கு வருஷத்தில் ஒரு நாள் ஓய்வு. அவர் போன பிறகும் நான் விடவில்லை. அரிவாள்மணை, மிக்சி, உன் கார் சாவி, சுதாவின் பேனா, பிள்ளையின் புத்தகம், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். இந்தத் தடவை நித்யாவின் கம்ப்யூட்டரையும் நீ நன்றாகத் துடைத்துக் கொடுத்தாய், நான் பொட்டு வைத்துச் சாமந்திப்பூ சுற்றினேன். பிறகு அணைத்தோம். மறுநாள் பூஜை முடிந்துதான் மறுபடி தொடுவது வழக்கம். அரிவாள்மணையோடு சேர்த்து அதையும் படையலுக்கு முன்னால் நிறுத்தினோம். ஒரு ஆளுடைய வாயைக் கட்டிச் சாமி முன்னால் உட்காரவைத்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றவில்லை, எஞ்சினியர் உனக்கும் தோன்றவில்லை, அவளைப் பெற்ற சுதாவுக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு முழுக்கச் சிணுங்கினாள். சுண்டலை மசித்துக் கொடுத்தால் துப்பினாள், பாயசத்தைத் துப்பினாள். கண் மெஷின் பக்கமே போனது. "நாளைக்குப் போடுவோம்டா கண்ணு, இன்னிக்கு அதுக்கு ரெஸ்ட்டு" என்று நான் தலையைத் தடவினேன். வயிறா என்றேன், பக்கவாட்டில் ஓட்டினாள். பல்லா என்றேன், இல்லை. காலா, இல்லை. எனக்குக் கேட்கத் தெரிந்த இடமெல்லாம் கேட்டுத் தீர்ந்துபோயிற்று, காதை மட்டும் கேட்காமல் விட்டேன். மறுநாள் கற்பூரம் காட்டிவிட்டு நீ சுவிட்சைப் போட்டாய். விளக்கெல்லாம் ஜொலித்தது, கம்பெனிப் படம் வந்தது, அப்படியே நின்றது. திருப்பிப் போட்டாய், நின்றது. நீ மெமரியைக் கழற்றிக் கழற்றி மாட்டி, ஒருவழியாக அது எழுந்தபோது அவள் உடம்பு அனலாகக் கொதித்தது. அவள் கண்ணை ஓட்டினாள். "நேத்தே சொல்லணும்னு இருந்தேன். வலது" என்றது மெஷின். அதோடு உறைந்தது.

வலது காதில் சீழ் என்று டாக்டர் கண்டுபிடித்தார். மருந்து கொடுத்தார், ஆறிவிட்டது. ஆறாதது எது என்று உனக்குத் தெரியும். அன்றிலிருந்து அந்தத் திரை எரிந்தால் அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். அணைத்தால் திறக்கிறாள். தீபாவளி போய்விட்டது, ஸ்வெட்டர் போடுகிற குளிர் வந்துவிட்டது, இன்னும் மூடுகிறாள். பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற மேடம், "ஜோர் பண்ணி உக்கார வைக்காதீங்க. அது மேல அவளுக்கு பரோசா, நம்பிக்கை வரணும்" என்றார். ரொம்ப நாள் விட்டால் பழகிய கண்ணும் பழக்கத்தை மறந்துவிடும் என்றும் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு நீ என்னிடம் என்ன சொன்னாய்? "கோவம்மா. ஸ்பீடா ஒண்ணு வந்தா தானா பாப்பா." கோபமா அது? நீ பேசிக்கொண்டிருக்கும்போது யாரோ வந்து உன் வாயைப் பொத்துகிறார்கள். ஒரு தடவை இல்லை, வெயில்காலம் முழுக்க. எப்போது பொத்துவார்கள் என்றும் தெரியாது. நீயாக இருந்தால் எத்தனை நாள் பேச வாயைத் திறப்பாய்?

நான் பயந்துபோயிருக்கிறேன் பாபு. அடுத்த பலகையும் ஒரே ஒரு தடவை அவள் முன்னால் நின்றுவிட்டால், அப்புறம் தங்கத்தில் செய்து கொண்டுவந்தாலும் அவள் பார்க்க மாட்டாள். எனக்கு அது தெரிகிறது. இன்னொன்றும் இருக்கிறது. கண் டாக்டரிடம் என்னைக் கூட்டிப்போனவன் நீதான், அவர் சொன்னதை எனக்கு மொழிபெயர்த்தவனும் நீதான். கண்ணுக்குள் அழுத்தம், நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது, சொட்டு மருந்தால் இருப்பதைக் கொஞ்சம் பிடித்து வைக்கலாம், போனது போனதுதான். இன்றைக்கு மெஷின் இல்லாமல் அந்தப் பிள்ளை பேசுவது யாரிடம்? என்னிடம். எதைப் பார்த்துப் பேசுகிறேன்? அவள் கண்ணை. ஜன்னல் வெளிச்சம் குறைந்தால் அவள் கண் மேலே போகிறதா பக்கத்தில் போகிறதா என்று இப்போதே எனக்குச் சரியாகத் தெரிவதில்லை. முந்தாநாள் அவள் வேண்டாம் என்றதைச் சரி என்று நினைத்துப் போர்வையை இழுத்து மூடிவிட்டேன். வேர்த்துக் கொட்டிய பிறகுதான் புரிந்தது. என் கண் அவிந்துபோவதற்குள் அவளுக்கு வாய் வர வேண்டும். இதைவிடத் தெளிவாக எழுத எனக்குப் படிப்பு இல்லை.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை, சுதா லீவில் இருந்தபோது, "கோயிலுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு மனபா போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, நீ வழக்கமாக வாங்குகிற கடைக்கே போனேன். பொய் சொன்னதற்குச் சாமி என்னைப் பார்த்துக்கொள்ளட்டும். கடைக்காரருக்கு உன் வயதுதான் இருக்கும். "காய் பாஹிஜே ஆஜி?" என்றார், என்ன வேணும் பாட்டி என்று. சார்ஜர் வாங்க வந்த கிழவி என்று நினைத்திருப்பார். எனக்குத் தெரிந்த மராத்தியும் இந்தியும் கலந்து, மதர்போர்டு வேண்டும், எது நல்லது என்றேன். "எல்லாமே நல்லதுதான் ஆஜி, எவ்ளோல வேணும்?"

"நல்லதக் கேக்க வரல தம்பி. வித்த சரக்குல எது கெட்டுப்போயி ஒங்க மேஜைக்குத் திரும்பி வருது, எது வர்றதில்ல, அத மட்டும் சொல்லுங்க."

அவர் சிரித்தார். "வியாபாரத்தையே கெடுக்கிறீங்களே."

"என் பேத்தி அந்த மெஷின்லதான் பேசுது. நின்னுச்சுன்னா அது ஊமை. அத நெனச்சுக்கிட்டுச் சொல்லுங்க."

சிரிப்பு நின்றது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், சாய் வரவழைத்தார். உன் போனில் இருந்த அந்த விளக்குப் பலகை கண்ணாடி அலமாரியில் இருந்தது. அதைக் காட்டிக் கேட்டேன். மோசமான சரக்கு இல்லை, ஆனால் உள்ளே இருக்கிற செட்டிங்கை இன்னும் திருத்தித் திருத்தி அனுப்புகிறார்கள், அது அடங்கக் கொஞ்ச காலம் ஆகும், விளையாடுகிற பையன்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்றார். பிறகு கீழ்த்தட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தார். விளக்கு இல்லை, கவசம் இல்லை, பார்க்கச் சப்பென்று இருந்தது. ஆபீஸ்காரர்கள் மொத்தமாக வாங்கிப்போவது இதைத்தானாம். வந்து வெகுநாள் ஆன மாடல். கரண்ட் பிரிக்கிற இடத்தில் கனமான உலோகத் துண்டு உட்கார்ந்திருக்கிறது, நான் தொட்டுப் பார்த்தேன். "இத வாங்கினவங்க திரும்ப வந்தா, இன்னொண்ணு வாங்கத்தான் வர்றாங்க" என்றார். கெட்டாலும் புனேயிலேயே மாற்றித் தருகிற இடம் இருக்கிறதாம். போன பலகையைக் கூரியரில் வெளியூருக்கு அனுப்பிவிட்டு நாம் காத்துக்கிடந்தது உனக்கு மறந்திருக்காது. பெட்டிமேல் இருந்த பெயரைக் கடைக்காரரையே பெரிய எழுத்தில் எழுதச் சொல்லி வாங்கி, இந்தத் தாளோடு குத்தி வைத்திருக்கிறேன்.

அதுதான் வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நிற்கவில்லை. நீ படித்தவன், அதைவிட நல்லது உனக்குத் தெரிந்திருந்தால் அதை வாங்கு. ஆனால் தேடும்போது வேகத்தைத் தேடாதே, நிற்காததைத் தேடு. போன வருஷம் யாரோ வாங்கி, இந்த வருஷமும் திட்டாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று பார். மெமரியை, அந்தப் பலகை செய்தவர்களே சோதித்துப் பார்த்துச் சேரும் என்று சொன்ன வகையில் வாங்கு. வாங்கி அதன் இயல்பான வேகத்தில் விட்டுவிடு, முடுக்காதே, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், முடுக்காதே. கேமரா வயரை டப்பாவின் முன்பக்கத்தில் குத்தாமல் பின்னால் நேராகப் பலகையிலேயே குத்து. முன்பக்கம் குத்தினால்தான் அடிக்கடி அறுகிறது என்று நீயே முணுமுணுத்தாய், எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. எதிரில் இருப்பவன் கடிகாரத்தைப் பார்த்தால் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். அவள் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கட்டும்.

இன்னும் ஒன்று. கட்டி முடித்ததும் உடனே அவளை அதன் முன்னால் உட்காரவைக்காதே. அப்பாவின் பேக்டரியில் ஒரு மெஷின் புதிதாக வந்தால் சும்மா ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், சரக்கு செய்ய விட மாட்டார்கள். அதுபோல இதையும் கூடத்தில் வை, அவளுக்குத் திரை தெரியாத பக்கமாக. காலையில் போட்டுவிட்டு நீ ஆபீசுக்குப் போ. அதன் முன்னால் நான் உட்காருகிறேன். என் சீரியலை அதில் போட்டுவிடு, பாட்டு ஓடட்டும், அந்தப் பேசுகிற புரோகிராமும் ஓடட்டும், கேமரா என் கிழட்டுக் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். மத்தியானச் சூட்டிலும் ஓடட்டும், மிக்சி போடும்போதும் ஓடட்டும். எத்தனை நாள் ஆனாலும் நான் எழுந்திருக்க மாட்டேன். நிற்கிற மெஷின் என்றால் என் முன்னால் நிற்கட்டும். அவள் முன்னால் நிற்கக் கூடாது. அப்புறம், அதற்கு இனி ஆயுத பூஜை கிடையாது. பொட்டு வைக்கலாம், பூப் போடலாம், அணைக்கக் கூடாது. உன் அப்பா கோபித்துக்கொண்டால் நான் போய்ச் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன், போகிற வயதுதானே எனக்கு.

இவ்வளவையும் எழுதி வைத்துவிட்டு இன்று மத்தியானம் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உறைத்தது. நீயும் நானும் தோசைத் தட்டை வைத்துக்கொண்டு சண்டை போட்டோம். கடைக்காரரைக் கேட்டேன், மேடத்தைக் கேட்டோம், உன் ஆபீசில் கேட்டாய். இவளை ஒருவர்கூடக் கேட்கவில்லை. சீப்பை வைத்துவிட்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சம் அவள் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்தேன். எனக்கு நன்றாகத் தெரிய வேண்டுமே. "நித்தி, அப்பா புது மெஷின் போடப் போறாரு. ரொம்ப வேகமாப் பேசும். ஆனா எப்பனாச்சும் நின்னாலும் நிக்கும். அது வேணுமா?" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பக்கவாட்டில்கூட ஓட்டவில்லை. சரி, முடிந்தது என்று நினைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு கேட்டேன், "மெதுவாத்தான் பேசும். அழகா இருக்காது. ஆனா நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் கூடவே இருக்கும். அது?" கண் திறந்தது. மேலே தூக்கினாள். எனக்குத்தான் சரியாகத் தெரியவில்லையோ என்று மறுபடி கேட்டேன். "ஆயாக்குப் பார்வை மந்தம்டா, இன்னொருவாட்டி காட்டு." தூக்கி, இறக்காமல் அப்படியே வைத்திருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டுகிறவரை வைத்திருந்தாள்.

"நீ எடுக்குறியா? அப்பாகூடக் கடைக்குப் போயி, நீயே பாத்து எடுக்குறியா?" என்றேன். நான் கேட்டு முடிப்பதற்கு முன்பே அந்தக் கண் மேலே போய்விட்டது.

ஆகையால் பாபு, நாளைக்கு நீ தனியாகப் போகக் கூடாது. அவளுடைய வாயை அவளைக் கேட்காமலே நாம் மாற்றி மாற்றி வாங்கியது போதும். கடை வாசலில் படி இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கேட்டால் நாற்காலியோடு தூக்க அந்தக் கடைக்காரர் ஒரு கை கொடுப்பார், நல்ல மனுஷர். கடையில் இருக்கிறவர்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும். யாராவது மடியில் நோட்டு வைத்தால் வாங்கிக் கல்லாவில் போடு. இரண்டு பலகையையும் அவளுக்கு எதிரில் பிடித்துக் காட்டி, எது எப்படி என்று உள்ளதை உள்ளபடி சொல்லி, அவள் கண் எங்கே போகிறது என்று நீ பார். இனிமேல் அதைப் பார்க்க நீ பழக வேண்டும். என்னை நம்பிக்கொண்டு இருக்காதே.

அவளுடைய நீலச் சுடிதாரை இஸ்திரி போட்டு எடுத்து வைத்துவிட்டேன். கடை திறக்கிற நேரத்தைச் சொல்லட்டுமா என்றேன், கண்ணை மேலே தூக்கினாள், சொல்லிவிட்டேன். காலையில் உனக்கு முன்னால் அவள் தயாராக இருப்பாள்.